உளிமுனையும் ஒளிரும் கோடும்

முன்னுரை

திருமணம், புதுமனை புகுவிழா போன்ற நன்னாள்களில் நம் இல்லங்களுக்கு வந்து சேரும் பாத்திரங்களில் பெயரும் நாளும் வெட்டப்பட்டிருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அன்பளித்தவர் மறைந்த பின்னரும் அவர் பெயர் அந்தக் குடத்தின் கழுத்தில் நிலைத்து நிற்கிறது. பெயரைப் படிக்கும் நாம் அதனை வெட்டிய கருவியைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. இருவர் வெட்டிய எழுத்துகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று வெள்ளிக் கம்பியை இழைத்து வைத்தாற்போல் ஒளிரும். மற்றொன்று சாம்பல் பூத்து, ஓரமெல்லாம் பிசிராக நிற்கும். இந்த வேறுபாட்டைக் கைராசி என்று சொல்லி அமைந்துவிடுகிறோம்.

கைத்திறனுக்கு இதில் பங்கு உண்டு. அதனை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அதற்கும் முற்பட்ட காரணம் ஒன்று உண்டு. உலோகத்தில் தோன்றும் கோட்டின் தரம், உளி உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே, சாணைக்கல்லின் மேல் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. உளிமுனையில் உள்ள ஒளியும் குறையும் அப்படியே கோட்டில் பதிகின்றன. கைராசி என்று பெயரிட்ட ஒன்றைக் கற்பிக்க முடியாது. கோணம் என்றும் நீளம் என்றும் நுண்மை என்றும் அளந்து சொல்லக் கூடியதை எவர்க்கும் கற்பிக்கலாம். உளியைத் தீட்டுவதிலும் மெருகிடுவதிலும் அளந்து சொல்லக் கூடியவை எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொறிப்பு என்பது யாது?

உலோகத்தின் மேல் கோடு இடுவதில் இரு வகை உண்டு. மழுங்கிய முனையுள்ள கருவியைச் சுத்தியலால் தட்டி, உலோகத்தை அமுக்கிப் பள்ளமாக்குவது ஒரு வகை. இதில் உலோகம் இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. கூரிய உளியைச் செலுத்தி, உலோகத்தை மெல்லிய சுருளாகச் சீவி எடுத்துவிடுவது இரண்டாம் வகை. பின்னதையே இங்குப் பொறிப்பு என்கிறோம். உளியை உள்ளங்கையால் தள்ளலாம். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டியும் செலுத்தலாம். எவ்வாறு செலுத்தினும் உலோகத்தினின்று ஒரு சீவல் எழவேண்டும். சீவல் எழும் வேலைக்குக் கூர்மை உயிர்நாடி.

இந்தத் தொழிலின் பழமைக்கு நம் நாட்டுச் செப்பேடுகள் சான்று பகரும். 1905-ஆம் ஆண்டில் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தவை. அவை 31 ஏடுகள் கொண்டவை. அவற்றின் இறுதியில் பொறித்த கைவினைஞர்தம் பெயர்களும் இடம் பெற்றிருப்பது அன்று அத்தொழிலுக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

மேனாட்டில் இக்கலை பொற்கொல்லர் பட்டறையிலிருந்து அச்சுக்கலைக்குச் சென்றது. நூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் பொற்கொல்லரின் மகன். தந்தையின் பட்டறையில் பயின்ற பின்னரே ஓவியரானார். 1514-இல் அவர் செப்புத் தகட்டில் பொறித்த 'மெலன்கோலியா' என்னும் படம் இன்றும் கலை மாணவர்க்குப் பாடமாக விளங்குகிறது. தகட்டில் வெட்டிய கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் கோட்டில் உள்ள மை தாளில் ஏறிவிடும். நாம் கையாளும் ரூபாய்த் தாளில் விரலால் தடவினால் உணரக் கூடிய மேடான அச்சும் இவ்வகையைச் சார்ந்ததே. 1645-இல் பாரிசு நகரில் ஆபிரகாம் போஸ் என்பவர் செப்புத் தகட்டுப் பொறிப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கோடு இழுப்பதைப் போலவே உளியைத் தீட்டுவதும் அந்நூலில் கற்பிக்கப்படுகிறது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்துறையின் ஆசிரியர்கள் தீட்டுவதையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே கருதினர் என்பது இதனால் விளங்கும்.

உளியின் உறுப்புகள்

பொறிக்கும் உளி பென்சிலைவிட மெல்லிய எஃகுத் துண்டு. அதன் குறுக்குவெட்டு சதுரமாகவோ சாய்சதுரமாகவோ தட்டையாகவோ வட்டமாகவோ இருக்கலாம். சதுர உளி நடுத்தரக் கோட்டிற்கும், சாய்சதுர உளி மெல்லிய ஆழ்ந்த கோட்டிற்கும், தட்டை உளி அகன்ற வெட்டிற்கும் பொருந்தும். பின்புறம் காளான் வடிவில் ஒரு மரப்பிடி இருக்கும். அப்பிடியின் அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். உளியைத் தகட்டின் மேல் தாழ்வாகச் சாய்த்துப் பிடிப்பதற்கே இந்த ஏற்பாடு. உளியின் நீளமும் பிடிப்பவரின் கைக்கேற்ப அமைய வேண்டும். விரல்களைத் தாண்டி முனை மிக நீண்டிருந்தால் உளி ஆடும், கோடும் ஆடும்.

தீட்டுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய பகுதிகள் மூன்று. முனையில் சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும் பரப்பை முகம் என்போம். தகட்டை நோக்கியிருக்கும் கீழ்ப்பக்கத்தை வயிறு என்போம். வயிற்றில், முனையை ஒட்டி, மேல்நோக்கிச் சிறிதளவு தேய்த்துவிடப்பட்ட குறும்பரப்பைக் குதி என்போம். முகமும் குதியும் சந்திக்கும் இடமே வெட்டும் அலகு.

இவற்றுள் குதியைத்தான் புதிதாகப் பயில்வோர் புறக்கணிக்கின்றனர். குதியில்லாத உளியைத் தகட்டின் மேல் படுக்கவைத்தே தள்ள வேண்டியிருக்கும். கைப்பிடி தகட்டில் இடிக்கும். சற்று உயர்த்தினாலோ முனை ஆழப் புதைந்து முறியும். குதி அமைந்த உளி, தானே தக்க அளவு உயர்ந்து நிற்கிறது. கையைச் சிறிது உயர்த்தினால் கோடு ஆழமாகும். தாழ்த்தினால் முனை மேலெழுந்து கோடு மெலிந்து முடியும். படகிற்குச் சுக்கான் எப்படியோ, உளிக்குக் குதி அப்படி எனலாம்.

கோணக் கணக்கு

முகம், வயிற்றுக் கோட்டோடு 45 பாகை கோணத்தில் தேய்க்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். குதி 15 பாகை உயர்த்தித் தேய்க்கப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். முனையில் எஞ்சி நிற்கும் எஃகின் ஆப்புக் கோணம் இவ்விரண்டின் கூட்டுத்தொகை, அதாவது 60 பாகை. செம்பு, வெள்ளி, பொன் போன்ற மென்மையான உலோகங்களுக்கு இவ்வளவு போதும். இரும்பு, எஃகு ஆகியவற்றைப் பொறிக்க வேண்டுமாயின் முகத்தை 55 அல்லது 60 பாகையாக நிமிர்த்த வேண்டும். அப்போது ஆப்புக் கோணம் 70 அல்லது 75 பாகையாகிறது.

ஆப்புக் கோணம் குறைந்தால் உளி எளிதில் வெட்டும். ஆனால் முனைக்குப் பின்னால் தாங்கி நிற்கும் எஃகு குறைவாதலால் எளிதில் முறியும். கோணம் மிகுந்தால் முனை நெடுநாள் உழைக்கும். ஆனால் தள்ளுவதற்கு மிகுந்த விசை வேண்டும். மிகுந்த விசையோடு தள்ளும் கையே வழுக்கும்போது கட்டுப்பாட்டை இழக்கிறது. ஆகவே, எல்லா வேலைக்கும் ஒரே கோணம் என்பது பொருந்தாது. முனை அடிக்கடி முறிகிறதா? முகத்தை ஐந்து பாகை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். முறியாமல் தயங்கித் தயங்கிச் செல்கிறதா? ஐந்து பாகை சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் சில நாள்களிலேயே தம் கைக்கும் தம் உலோகத்திற்கும் உரிய கோணம் கிடைத்துவிடும்.

வளைவும் குதியின் நீளமும்

நம் தமிழ் எழுத்துகள் வளைவு மிக்கவை. 'ண', 'ஞ', 'ஐ' ஆகியவற்றை உளியால் எழுத முயன்றவர்க்கு நேர்கோட்டு எழுத்துகளைவிட இவை எவ்வளவு கடினமானவை என்பது தெரியும். வளைவின் உட்புறம் தெளிவாகவும், வெளிப்புறம் சிதைந்தும் காணப்படுவது புதியவர்களின் வேலையில் பொதுவான குறை. இதற்குக் காரணம் பெரும்பாலும் கை அன்று, குதியின் நீளமே.

எளிய வடிவியலால் இதனை உணரலாம். முனை வளைவின் வழியே செல்லும்போது, அதன் பின்னால் வரும் குதி வளைவதில்லை; அது நேரான எஃகு. எனவே குதியின் வால்பகுதி வட்டத்தின் தொடுகோட்டில் நின்று, வளைவின் வெளிச்சுவரை உராய்கிறது. விலகும் தூரத்தை அறிய, குதி நீளத்தின் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் போதும். ஆரம் 2 மில்லிமீட்டர், குதியின் நீளம் 1 மில்லிமீட்டர் எனில் விலக்கம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். குதியை அரை மில்லிமீட்டராகக் குறைத்தால் விலக்கம் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். நீளத்தைப் பாதியாக்கினால் கேடு நான்கில் ஒன்றாகிறது. ஆதலின், வளைவெழுத்துப் பொறிப்போர் குதியை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வைப்பது நலம். நேர்கோடுகளுக்குக் குதி சற்று நீண்டிருப்பினும் தீங்கில்லை. அது உளியை நேராகச் செலுத்தத் துணையும் செய்யும்.

குருந்தமும் சாணையும்

எஃகைத் தேய்க்க அதனினும் கடிய பொருள் வேண்டும். 1812-இல் பிரெடரிக் மோஸ் என்னும் செருமானிய அறிஞர், ஒன்றையொன்று கீறும் ஆற்றலை வைத்துக் கனிமங்களைப் பத்துப் படிகளாக வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸ் 7-ஆம் படியிலும், குருந்தம் 9-ஆம் படியிலும், வைரம் 10-ஆம் படியிலும் உள்ளன. செம்பின் கடினம் ஏறத்தாழ 3. நன்கு பதமிட்ட எஃகு குவார்ட்ஸை நெருங்கி நிற்கும்.

நம் சிற்றூர்களில் அரிவாளைத் தீட்டுவதற்குத் தீட்டுப்பலகையின் மேல் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித் தேய்ப்பது வழக்கம். வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸே. பொடி மரத்தில் பதிந்து நின்று இரும்பை அராவுகிறது. இன்று நுண்தொழிற் பட்டறைகளில் வார்ப்பிரும்புத் தட்டில் வைரப்பொடியைப் பதித்துத் தேய்க்கும் முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

குருந்தத்தின் கதை நமக்குப் பெருமை தருவது. மாணிக்கமும் நீலமும் வேதியியல் நோக்கில் குருந்தமே. அலுமினியம் ஆக்சைடின் படிகங்கள். 'கொரண்டம்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் தமிழ்க் 'குருந்தம்' என்னும் சொல்லிலிருந்து சென்றது என அகராதிகள் கூறுகின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் இக்கனிமம் கிடைக்கிறது. 1891-இல் அமெரிக்கரான எட்வர்டு ஆச்சிசன் மின்னுலையில் சிலிக்கான் கார்பைடு என்னும் புதுப் பொருளைக் கண்டபோது, அது கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று கருதிக் 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். கருத்து பின்னர்ப் பிழையெனத் தெரிந்தது, பெயர் நிலைத்துவிட்டது. பட்டறைதோறும் கிடக்கும் கருநிறக் கல்லின் பெயருக்குள் ஒரு தமிழ்ச்சொல் ஒளிந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவர்?

வேலைக்கு வேண்டிய கற்கள் பல அல்ல. முறிந்த முனையைச் சரிசெய்யக் கரடான கல் ஒன்று. முகத்தையும் வயிற்றையும் சமன்செய்ய நடுத்தரக் கல் ஒன்று. இறுதி நுண்மைக்கு அர்கன்சாஸ் கல்லைப் போன்ற வழவழப்பான கல் ஒன்று. பொடியின் நுண்மையைக் குறிக்கும் எண் கூடக் கூடப் பொடி நுண்ணியதாகும்; 220 கரடு, 600 நடுத்தரம், 1200 நுண்மை என ஏறத்தாழக் கொள்ளலாம். கல்லுக்கேற்ப மெல்லிய எண்ணெயோ நீரோ இட வேண்டும். அது தேய்ந்த எஃகுத் துகளை மிதக்கவைத்துக் கல்லின் துளைகள் அடைபடாமல் காக்கிறது. கல்லின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து குழிவிழாதபடி முழுப் பரப்பையும் பயன்படுத்த வேண்டும். குழிந்த கல்லில் தட்டையான முகம் பிறவாது. டங்ஸ்டன் கார்பைடு உளிகளுக்குச் சாதாரணக் கற்கள் பயன்படா. வைரத் தட்டே வேண்டும்.

தீட்டும் வரிசை

முதலில் வயிறு. சதுர உளியாயின் கீழே சந்திக்கும் இரு பக்கங்களையும் கல்லின் மேல் முழுமையாகப் படியவைத்து, முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். பின்பகுதியைத் தூக்கினால் முனை உருண்டுவிடும். இரு பக்கங்களும் சந்திக்கும் விளிம்பு ஒரே நேர்கோடாகத் தோன்றும் வரை இதனைச் செய்க.

இரண்டாவது முகம். உளியை முனைக்கு அருகில் விரல்களால் இறுகப் பற்றி, 45 பாகையில் முகத்தைக் கல்லின் மேல் அழுத்தி, சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். மணிக்கட்டு அசையாமல், தோளிலிருந்து கை முழுதும் அசைய வேண்டும். மணிக்கட்டு ஆடினால் முகம் குவிந்துவிடும். குவிந்த முகத்தில் கோணம் என்று ஒன்று இல்லை. பழகும் வரை ஒரு மரக்கட்டையை 45 பாகையில் அறுத்துக் கல்லின் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். உளியைக் குறித்த கோணத்தில் பிடித்துத் தரும் சிறு தாங்கிகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதில் இழுக்கு ஒன்றுமில்லை. கோணம் மாறாமல் இருப்பதே நோக்கம்.

மூன்றாவது குதி. நுண்ணிய கல்லின் மேல் வயிற்றை வைத்து, பிடியை 15 பாகை உயர்த்தி, இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் சில இழுப்புகள் இழுத்தால் போதும். ஒருபுறம் மிகுந்தால் முனை நடுவினின்று விலகி, உளி ஒரு பக்கமாக ஓடும்.

தேய்க்கும்போது அலகின் மறுபுறத்தில் மெல்லிய பிசிர் எழும். அதனை நீக்காமல் வேலையைத் தொடங்கினால் அது முறிந்து, தன்னோடு அலகையும் சிறிது பெயர்த்துச் செல்லும். மறுபக்கத்தை நுண்கல்லில் இருமுறை மெல்ல இழுத்துப் பிசிரை நீக்கிவிட வேண்டும்.

இனிக் கூர் பார்த்தல். 'தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது' நன்றி மறந்த செயலுக்குப் பழமொழியாகும். உளியின் கூரைக் கட்டைவிரல் நகத்தில் பார்ப்பது தொழிலாளர் வழக்கம். எடை கொடாமல், தாழ்ந்த சாய்வில் முனையை நகத்தில் வைத்து மெல்ல நகர்த்தினால், கூரிய முனை அங்கேயே பற்றிக்கொள்ளும். மழுங்கிய முனை வழுக்கிச் செல்லும். மற்றொரு சோதனை ஒளி. விளக்கின் கீழ் அலகை நேர் எதிரே பார்த்தால், உண்மையான கூர் ஒளியைத் திருப்புவதில்லை. பரப்பில்லாத இடத்தில் ஒளி எதன்மேல் பட்டுத் திரும்பும்? மழுங்கிய இடம் மட்டும் வெண்புள்ளியாக மின்னும். புள்ளி தெரிந்தால் மீண்டும் கல்லுக்குத் திரும்ப வேண்டும்.

வெப்பம் என்னும் பகை

கார்பன் எஃகு உளிக்குக் கடினம் தருவது கொல்லர் 'தோய்ச்சல்' என்று வழங்கும் முறை. எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது மிகவும் கடினமாகும். அதே வேளையில் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பும் பெறும். அதனை மீண்டும் அளவாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைத் தணிப்பதே பதமிடுதல். மெருகிட்ட எஃகில் ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் இளவைக்கோல் நிறமும், 240-இல் அடர்ந்த வைக்கோல் நிறமும், 280-ஐ ஒட்டி ஊதாவும், 300-ஐ ஒட்டி நீலமும் தோன்றும். எஃகின் மேல் படரும் ஆக்சைடுப் படலம் தடிக்கத் தடிக்க, ஒளிக்குறுக்கீட்டினால் நிறம் மாறுகிறது. வெப்பமானியில்லாத காலத்தில் கொல்லர் கண்ணே வெப்பமானியாக இருந்தது. பொறிப்பு உளிக்கு வைக்கோல் நிறமே தக்க பதம். நீலம் வந்துவிட்டால் அந்தப் பகுதி சுருள்வில்லுக்கு ஏற்றது, உளிக்கு ஏற்றதன்று.

இப்போது மின்சாணையை எண்ணிப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 2,880 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஊசிபோன்ற முனையில் வெப்பத்தைத் தாங்கும் பொருள் மிகச் சிறிதளவே. ஓரிரு நொடிகள் அழுத்தினால் போதும். முனை நீலம் பூத்துவிடும். மேற்பார்வைக்கு உளி கூராகவே இருக்கும். தகட்டில் வைத்த உடனே மடங்கும். அதனைத் தீட்டத் தீட்டப் பயன் இராது. நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் மெல்லத் தேய்த்து நீக்கியே ஆகவேண்டும். ஆகவே மின்சாணையில் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் நீரில் நனைக்க வேண்டும். இறுதிக் கூர்மை எப்போதும் கைக்கல்லிலேயே பெறத்தக்கது. அதிவேக எஃகு எனப்படும் கலப்பு எஃகு ஏறத்தாழ 600 பாகை வரை தன் கடினத்தை இழப்பதில்லை; ஆயினும் நனைத்துத் தேய்க்கும் பழக்கத்தைக் கைவிடலாகாது.

மெருகு ஏன்?

கூர்மை பெற்ற உளிக்கு மெருகும் வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். கோடு ஒளிர வேண்டுமாயின் வேண்டும். உளி முன்னேறும்போது வெட்டப்பட்ட பள்ளத்தின் மேல் குதி அழுந்தி உராய்ந்துகொண்டே வருகிறது. குதியில் கல்லின் கீறல்கள் இருந்தால், அத்தனையும் பள்ளத்தில் கோடு கோடாகப் பதியும். குதி கண்ணாடிபோல் இருந்தால் பள்ளமும் கண்ணாடியாகும். நகைகளில் கல் பதிக்கும் இடத்தைச் சுற்றிப் பளிச்சென்று வெட்டும் வேலையில், வெட்டிய பின் மெருகிட இடமே இராது. அங்கு மெருகு உளியிலிருந்துதான் வரவேண்டும்.

இதன் இயற்பியல் காரணம் எளிது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; தலைமயிரின் பருமன் பல பத்து மைக்ரான். கீறல்கள் அலைநீளத்தைவிடப் பெரியனவாக இருந்தால் ஒளி நாற்புறமும் சிதறிக் கோடு சாம்பலாகத் தோன்றும். கீறல்கள் அலைநீளத்தினும் மிகச் சிறியனவாகிவிட்டால் ஒளி ஒரே திசையில் திரும்பிக் கோடு பளிச்சிடும். அரை மைக்ரான் வைரப்பொடியால் குதியை மெருகிடுவதன் நோக்கம் இதுவே.

மெருகிடுவதில் ஓர் எச்சரிக்கை. மென்மையான துணிச் சக்கரத்தில் உளியைப் பிடித்தல் கூடாது. துணி அலகைச் சுற்றி வளைந்து அதனை உருட்டிவிடும். பளபளப்பு இருக்கும், கூர்மை இராது. வார்ப்பிரும்பு, பீங்கான், கடிய மரம் ஆகியவற்றின் சமதளத்தில் பொடியைத் தடவி, உளியை இழுக்கும் திசையிலேயே மெருகிட வேண்டும். அலகு முன்செல்லத் தள்ளினால் தளத்தில் குத்திக்கொள்ளும். முகத்தையும் அவ்வாறே மெருகிட்டால் சீவல் தடையின்றி வழுக்கி எழும். அலகும் பல்விழாமல் நேராக நிற்கும்.

எவர்சில்வர் தரும் பாடம்

மழுங்கிய உளியால் நேரும் கேட்டை எவர்சில்வர் நன்கு காட்டும். ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த அந்த எஃகு, அழுத்தத்திற்கும் உராய்விற்கும் உள்ளாகும்போது மேற்பரப்பில் கடினமடையும் இயல்புடையது. கூரிய உளி கடினமாகாத உலோகத்திற்குள் புகுந்து சீவலை எடுத்துச் செல்கிறது. மழுங்கிய உளியோ வெட்டாமல் தேய்க்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்த இடம் இறுகுகிறது. அடுத்த முறை தள்ளும்போது முன்னினும் கடிய உலோகத்தை எதிர்கொண்டு மேலும் மழுங்குகிறது. தன் பகையைத் தானே வளர்த்துக்கொள்கிறது எனின் மிகையாகாது. 'இந்தப் பெயரை முடித்துவிட்டுத் தீட்டலாம்' என்று ஒத்திப்போடுவது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். உண்மையில் உளியையும் பாத்திரத்தையும் ஒருங்கே கெடுக்கும்.

உடல்நலக் காப்பு

கூரிய கருவி ஆபத்தானது என்பது பொதுவான எண்ணம். பொறிப்புத் தொழிலில் மழுங்கிய உளியே பெரிதும் ஆபத்தானது. அது தகட்டைப் பற்றாமல் வழுக்கி, தகட்டைப் பிடித்திருக்கும் இடக்கையில் பாய்கிறது. பிடிக்கும் கை எப்போதும் உளி செல்லும் வழிக்குப் பக்கத்திலோ பின்னாலோ இருக்க வேண்டும். இயன்றவரை தகட்டை இடுக்கியில் பொருத்திவிடுவது மேல். முறிந்த முனை தெறிக்கக் கூடுமாதலால் கண்ணாடி அணிதல் இன்றியமையாதது.

கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் உண்டு. குவார்ட்ஸ் அடங்கிய கற்களை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்னும் தீராத நோயை விளைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் மணற்கல் சக்கரங்களில் உலர்முறையில் சாணை பிடித்த தொழிலாளர் பலர் இந்நோயால் இளமையிலேயே மடிந்தனர். கல்லில் இடும் நீரும் எண்ணெயும் உளியை மட்டும் காப்பனவல்ல. பிடிப்பவரின் மூச்சையும் காப்பன. சாணை பிடிக்கும் அறையில் காற்றோட்டமும், மூக்கை மறைக்கும் தக்க கவசமும் வேண்டும்.

முடிவுரை

இன்று மின்பேனாவும் லேசர் பொறியும் பெயர் எழுதும் வேலையைப் பெரும்பாலும் மேற்கொண்டுவிட்டன. அவை விரைவானவை, எழுத்தும் ஒரே சீராக அமைகிறது. இதனைக் குறை கூறுவதால் பயனில்லை. ஆயினும் நகையில் கல் பதிக்கும் வேலையும், பளிச்சென்ற வெட்டும், செப்புத் தகட்டில் படம் பொறிக்கும் கலையும், பழைய பொருள்களைப் பழைய முறையிலேயே செப்பனிடும் பணியும் இன்னும் கையை நம்பியிருக்கின்றன. அந்தக் கைகள் குறைந்து வருகின்றன. குறைவது கைகள் மட்டுமன்று. தந்தை மகனுக்குச் சொல்லாமலே செய்து காட்டிவந்த அறிவும் உடன் குறைகிறது. எழுதிவைக்கப்படாத அறிவு ஒரு தலைமுறை இடைவெளியில் மறைந்துபோகும்.

நம் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளில் கைவினைஞர் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் பலர் பயில்கின்றனர். படிப்பு வேறு, வீட்டுத் தொழில் வேறு என்று அவர்கள் எண்ண வேண்டியதில்லை. விடுமுறையில் பட்டறையில் அமர்ந்து, உளியின் கோணத்தைப் பாகைமானியால் அளந்து, குதியின் நீளத்தைக் குறித்து, தோய்ச்சலுக்கும் பதத்திற்கும் பெரியோர் வழங்கும் சொற்களை அவர்கள் சொல்வது போலவே எழுதிவைத்தால், அது வரலாற்றிற்கும் மொழிக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.

தொழிலைப் புதிதாகத் தொடங்குவோர்க்கும் ஒரு சொல். நல்ல உளியை விலைக்கு வாங்கிவிடலாம். அதன் கூர் சில கோடுகளோடு போய்விடும். அதன் பின் அதனைத் தீட்டித் தரப் பிறரை நாடி நிற்பவர், நாள்தோறும் பிறர் தயவிலேயே பிழைக்க வேண்டும். முகத்தையும் குதியையும் தாமே அமைக்கத் தெரிந்தவர் எந்தக் கல்லின் முன்னும் அமர்ந்து தம் வேலையைத் தொடரலாம். உளி ஒருவருக்கு உண்மையில் உடைமையாவது அன்றுதான்.